மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: தவக்காலத்தின் மகிழ்ச்சி

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மன்றத் தலைவர் அவர்களே, அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் நோயாளர் சந்திப்பும் மாணவர் கல்வி உதவியும் வழக்கம்போல் நடைபெற்றன; வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எஞ்சிய அறிக்கை முழுவதையும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக நோன்பிருக்கும் நாற்பது நாள் தவக்காலத்துக்கே ஒதுக்கியுள்ளேன். இவ்வாண்டு மன்றம் மனம் ஊன்றிச் செய்த பணி அதுவே.

தவக்காலம் தொடங்கும் மார்ச் 5, திருநீற்றுப் புதனுக்கு முன் கூடிய செயற்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், தபசுகாலம் என்றாலே முகத்தைத் தொங்கப்போடும் காலம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோமே, இதில் மகிழ்ச்சிக்கு இடமே இல்லையா என்று கேட்டார். நோன்பிருக்கும்போது முகவாட்டமாய் இராமல் தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவச் சொன்னவர் ஆண்டவரே என்பதை மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலிருந்து பங்குத்தந்தை நினைவூட்டினார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 49ஆம் அதிகாரமும், உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் குறைத்துக்கொள்ளச் சொல்லும் அதே இடத்தில், ஆன்மிக ஏக்கத்தின் மகிழ்ச்சியோடு உயிர்ப்பு விழாவாகிய பாஸ்காவை எதிர்நோக்கச் சொல்கிறது. ஒறுத்தலைக் கைவிடாமலே அந்த மகிழ்ச்சியைத் தேடுவது என்று முடிவாயிற்று.

அதன்படி ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் அன்றைய வாசகங்களைச் சேர்ந்து சிந்தித்தோம். மார்ச் 23 அன்று வாசித்த எரியும் முட்புதர்ப் பகுதியில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசே புதர் ஏன் தீய்ந்துபோகவில்லை என்று வியந்து, பாதை விலகி அருகே சென்ற பிறகே கடவுள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். வியப்பதற்கு நின்று பார்க்கும் பொழுது வேண்டும்; நோன்பு நமக்குத் தருவது அந்தப் பொழுதைத்தான் என்று ஓர் இளம் உறுப்பினர் கூறியதை அனைவரும் ஏற்றோம். மறுவாரம் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, குருவானவர் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறத் திருவுடை அணியும் மகிழ்ச்சியின் ஞாயிறு. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தந்தை விருந்து வைத்து வரவேற்கும் ஊதாரி மைந்தன் உவமையே அன்றைய நற்செய்தி; அதில் எங்களை நெடுநேரம் நிறுத்தியவர் மூத்த மகனே. தவறாது உழைத்தவர், கட்டளை மீறாதவர், ஆயினும் பாட்டும் ஆட்டமும் கேட்டு வீட்டுக்குள் வர மறுத்தவர். நோன்பை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இளைய மகனைவிட அவரே நெருங்கிய உறவினர் என்பது என் எண்ணம்.

இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைந்து மன்றாடும் சிலுவைப்பாதைத் திருப்பயணமாக ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் சென்றோம். நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று அம்மலையில் சுடப்பட்ட புனித தேவசகாயம், சொத்தையும் கால்நடைகளையும் இழந்து வருந்திய நாளில் டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன, அனைத்தையும் இழந்தும் கடவுளைக் கைவிடாத யோபுவின் வரலாறு கேட்டே விசுவாசத்தின்பால் திரும்பினார். துன்பத்தின் நடுவே தோன்றிய அந்த வியப்பை எங்கோ தேடிச் செல்ல வேண்டியதில்லை. அது நம் மாவட்டத்து மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. பலத்த காற்றில் நிலைகளின் மன்றாட்டுகள் சரியாகக் கேட்கவில்லை என்ற குறை உண்டு. ஆயினும் தட்டினால் மணியோசை எழும் பாறையைச் சூழ்ந்து நின்ற சிறுவர்களின் முகங்களில் கண்ட மலர்ச்சியை இவ்வறிக்கையில் பதிவு செய்யாதிருக்க என்னால் இயலவில்லை.

பெரிய வெள்ளியன்று கஞ்சியும் பயறும் வழங்கும் பொறுப்பை மாதர் பிரிவினர் ஏற்றனர். இறைமக்கள் சாதியும் வசதியும் பாராது ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். பசித்தோருடன் உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயாவின் 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுவது அன்று கண்கூடாயிற்று. மாதர் பிரிவினர்க்கு மன்றத்தின் தனிப்பட்ட நன்றி உரியது.

2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18 அன்றே வந்துவிடுவதால் ஏற்பாடுகளைச் சனவரியிலேயே தொடங்க வேண்டியுள்ளது. அன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகச் சென்ற ஆண்டின் குருத்தோலைகளை வீடு வீடாகச் சேகரிக்கும் பணியைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கலாம் என்றும், ஞாயிறு மாலைச் சிந்தனைக் கூட்டத்தைக் கடலுக்குச் செல்வோரும் கலந்துகொள்ளும் நேரத்துக்கு மாற்றலாம் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இறைப்பணியில்,
செயலாளர்