மலையில் இரவு தங்கும் ஒரு நர்ஸ் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், வெளிநாட்டு நிதியில் நடக்கும் சுகாதாரத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய படம் உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். படத்தில் விழாததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது துணை சுகாதார நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கென்று கட்டிய குடியிருப்பில் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லை, சுற்றிலும் யானை நடமாட்டம். இருட்டுவதற்குள் அவர் இறங்கிவிடுகிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஓடித்தான் 108-க்குச் சொல்ல முடிந்தது. வண்டி வந்தது, அடிவாரத்தோடு நின்றது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். முன்னால் ஒருவர் யானைக்காகத் தட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். பாதி வழியில் பாறை மேல் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை பிறந்ததும் போடும் ஆக்சிடோசின் ஊசி இப்படிப்பட்ட ரத்தப்போக்கு வரும் ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். அதைப் போடத் தெரிந்த ஒருவர் அந்த இரவில் மலையில் இல்லை. மாமியார் தன் சேலையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் பிழைத்துவிட்டாள். இறந்திருந்தால் தாய் மரண ஆய்வு என்று கலெக்டர் வரை கோப்பு போயிருக்கும். பிழைத்ததால் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2005-இல் உலக வங்கி நிதியோடு தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த, சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களும், 2008-இல் ஓடத் தொடங்கிய 108 வண்டிகளும் எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றின. அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். 2019-இல் மறுபடியும் 28.7 கோடி டாலர் கடன் வாங்கினீர்கள். தாய் சேய் நலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்பது அதன் மூன்று நோக்கங்களில் ஒன்று. குறிப்பிட்ட இலக்குகளை எட்டியதைக் காட்டினால்தான் பணம் வரும் என்பது அந்தக் கடனின் ஏற்பாடு. அப்படியானால் அடுத்து எந்த வெளிநாட்டு நிதி வந்தாலும், மலைத் துணை நிலையங்களில் இரவு தங்கும் நர்ஸ் இருக்கிறாரா என்பதை அந்த இலக்குகளில் ஒன்றாக எழுதுங்கள். கட்டடங்களை எண்ணாதீர்கள். இரவில் எத்தனை கதவுகள் திறக்கின்றன என்று எண்ணுங்கள். இந்தக் கடனை அடைக்கும் வரிப்பணத்தில் மலையில் சாமையும் ராகியும் விளைவிப்பவர்களின் காசும் இருக்கிறது.

பிரசவம் மட்டுமல்ல. பாம்புக்கடிக்கு மருந்து செய்யத் தேவையான விஷத்தை, 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் மலையில் இருக்கும் இருளருக்குப் பாம்பு கடித்தால் அந்த மருந்துக்காக அடிவாரம் வரை தூளியில் போக வேண்டும். பொடி வடிவ மருந்துக்குக் குளிர்பதனப் பெட்டிகூடக் கட்டாயமில்லை. போடுவதற்குப் பயிற்சி பெற்றவரும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் கழுதை மேல் ஏறிக் கோட்டூர் மலைக்குப் போய்ச் சேர்கிறது. வீடு தேடி வந்து சிகிச்சை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தேடி வர மனமிருந்தால் வழி கிடைக்கிறது என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். சாலைக்கு வனத்துறை அனுமதி வரவில்லை என்று எத்தனை காலம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? அனுமதி வருகிறபோது வரட்டும். அதுவரை பிரசவ வலி காத்திருக்காது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி அல்ல. இரவு தங்கும் ஒரு நர்ஸ், அவர் மானத்தோடும் அச்சமில்லாமலும் தங்க ஒரு வீடு, மலைப்பணிக்கு ஏற்ற கூடுதல் படி. அடுத்த கிராம சபைக்கு முன்பாக உங்களில் ஒருவர் மேலே வந்து, அந்தக் குடியிருப்பில் ஓர் இரவு தங்கி, அங்கே என்னென்ன இல்லை என்று எழுதிக்கொண்டு போகும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடிவாரத்திலிருந்து அழைத்து வர ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மலைப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்
கிருஷ்ணகிரி மாவட்டம்