படுக்கை விரித்தவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செவிலியர் கல்வி குறித்து வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கண்ணாடி போடாமல் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில்தான் இரண்டாவது முறை. இல்லை, அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. மாணவிகள் தொழில்முறைச் சங்கங்களில் சேர்வது கவனச்சிதறலாம். முதலில் படுக்கை விரிக்கக் கற்றுக்கொள்ளட்டுமாம், சங்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

படுக்கை விரிப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எழுந்திருக்க முடியாத நோயாளி மேலே படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற வேண்டும். ஆளை ஒருக்களித்துத் திருப்பி, அழுக்கு விரிப்பை முதுகோரம் வரை சுருட்டிவைத்து, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் திருப்பி, பழையதை உருவி, புதியதை இழுத்துச் செருக வேண்டும். சுருக்கம் நின்றுவிட்டால் படுக்கைப் புண்ணுக்கு அதுவும் வழி செய்யும். இது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. நைட் டியூட்டியில் ஒரு மாணவி தனியாக நின்று இதைச் செய்கிறாள் என்றால், இன்னொருத்தி எங்கே என்று யார் யாரிடம் கேட்பது? படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்ட அன்றைக்கே எனக்கு வந்த கேள்வி இது. 34 வருடம் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாணவி சம்பளப் பட்டியலில் இருக்கமாட்டாள். டியூட்டி பட்டியலில் மட்டும் தவறாமல் இருப்பாள். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு நள்ளிரவில் பாதரசத்தை இறக்குவதற்காகத் தெர்மாமீட்டரை உதறினேன். அது லாக்கர் விளிம்பில் பட்டு உடைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஓடிய பாதரச மணிகளை வெறுங்கையால், ஒரு காகிதத் துண்டில் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். அது விஷம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொன்னதெல்லாம், உடைந்த தெர்மாமீட்டருக்கான தொகை என் உதவித்தொகையில் பிடிக்கப்படும் என்பதுதான். பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் 2020-க்குப் பிறகு அந்தத் தெர்மாமீட்டரைத் தயாரிக்கவே கூடாது என்று ஆகியிருக்கிறது. பிடித்த பணம் பிடித்ததுதான்.

கட்டுரையாளர் வழக்கம்போல நைட்டிங்கேல் அம்மையாரைச் சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார். கையில் விளக்கு, முகத்தில் சாந்தம், வாயில் மௌனம். எந்த நைட்டிங்கேல்? போர் இலாகாவோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்று, சிப்பாய்களின் சாவுக் கணக்கை வரைபடமாகப் போட்டுக் காட்டி, 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானவரா? ஒளிக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தகுதிபெற்ற செவிலியர்களின் பெயரைச் சட்டப்படி பட்டியலில் பதிவு செய்வதை அவர் எதிர்த்தார். அதற்காகப் போராடியவர் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். 24 வயதில் லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர் ஆனவர். 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது. பிரிட்டனில் பதிவுச் சட்டம் 1919-இல்தான் வந்தது. அதற்குள் நியூசிலாந்து முந்திக்கொண்டு 1901-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1899-இல் தொடங்கிய சர்வதேசச் செவிலியர் கவுன்சிலின் முதல் தலைவரும் ஃபென்விக்தான். பெயருக்கு முன்னால் இன்று நாங்கள் பெருமையோடு போட்டுக்கொள்ளும் 'பதிவுபெற்ற' என்ற சொல் சங்கம் கேட்டு வாங்கியது. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாதது அல்ல. கட்டுரையாளருக்குத்தான் விளக்கோடு நின்றுவிட்டது.

சங்கம் என்றதும் கொடியும் கோஷமும்தான் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன போலும். சம்பளத்துக்குப் பேரம் பேசும் தொழிற்சங்கம் வேறு, தொழிலின் தரத்தையும் நெறியையும் பார்க்கும் தொழில்முறைச் சங்கம் வேறு. செவிலியருக்கான நெறிமுறைக் கோவையை 1953-இல் வகுத்துத் தந்தது அந்தச் சர்வதேசக் கவுன்சில்தான். மாணவிகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது அதைத்தான். அதை எழுதியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் கவனம் சிதறிவிடுமா? அமெரிக்காவில் செவிலியர் மாணவர்களுக்கென்றே 1952 முதல் தனிச் சங்கம் இருக்கிறது. அங்கே யாரும் படுக்கை விரிக்க மறந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் தங்கை மகள் செவிலியர் படிப்பில் இருந்தபோது, இரவு ஒரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியம்மா, ஊசி குத்திவிட்டது." நோயாளிக்குப் போட்ட ஊசி. எப்போது என்று கேட்டேன். "நேற்று காலையில்." ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்களாம், வெளியே சொல்லாதே என்று தோழிகளும் சொன்னார்களாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், அதுவும் முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும். அதில் பல மணி நேரத்தை இந்தப் பெண் பயத்திலேயே கழித்திருக்கிறாள். விடிவதற்குள் நான் போய் நின்றேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வார்டில் நின்று பேச எல்லா மாணவிக்கும் ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருத்தி இருப்பாளா? அந்த இடத்தில் இருக்க வேண்டியது சங்கம்.

சங்கத்தார் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரியாத தலைவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சந்தா ரசீதோடு மாணவியை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் இளையவர்கள் உள்ளே வர வேண்டும் என்கிறேன்.

சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றாலும், தங்கள் இதழோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. வருடந்தோறும் மே 12-ஆம் தேதி வரும் செவிலியர் தினத்தை ஒட்டி எங்களைத் தேவதைகளாக்கி ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். நன்றி. தேவதைக்கு ஷிப்ட் கிடையாது, இடுப்புவலி கிடையாது, கேள்வி கேட்கும் வழக்கமும் கிடையாது. அறுவை சிகிச்சைச் செய்தியோடு வரும் படத்தில் மருத்துவர்கள் பெயர் வரிசையாக இருக்கும், எங்களுக்கு 'மற்றும் செவிலியர்கள்' என்று இரண்டு சொல். இதைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். பெரிய மனதோடு வெளியிட்டீர்கள், நான்கு வரியாகச் சுருக்கி, குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே. என் கேள்வியை வெட்டிவிட்டு, 'தங்கள் இதழைத் தொடர்ந்து படிக்கிறேன்' என்பதை மட்டும் விட்டுவைத்திருந்தீர்கள்.

வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. தொழில்முறைச் சங்கங்கள் பலவற்றில் மாணவர்களும் சேரலாம், எப்படிச் சேர்வது என்று தங்கள் ஆசிரியைகளிடம் கேட்கலாம் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தில் நைட்டிங்கேல் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். ஊசி குத்திய பகுதியில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் ஒருத்தி