கல்லூரி நாளைப் பறிகொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் நகரத் திட்டமிடல் பட்டப் பயிற்சியில் (சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பது) சேர்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். படிப்பு நேரம் சம்பள நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். அது சலுகையல்ல, விதி. ஆனால் சிறிய கட்டட அனுமதி விண்ணப்பத்துக்கு 8 வாரத்தில், பெரியதற்கு 13 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு துரத்தும்போது முதலில் பறிபோவது கல்லூரி நாள்தான்.

பருவத் தொடக்கத்திலேயே கட்டுரைத் தேதிகளை மேலாளரிடம் கொடுத்து, அந்த வாரங்களில் கெடு முடியும் விண்ணப்பங்களைக் குறைத்துக் கேளுங்கள். தளத்தைப் பார்வையிட்ட அன்றே குறிப்பெழுதுங்கள்: எந்தக் கொள்கை பொருந்தியது, அண்டை வீட்டாரின் ஆட்சேபத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தீர்கள், ஏன் என்று. இறுதி மதிப்பீட்டின்போது பழைய கோப்புகளைக் கிளறி இந்தக் காரணங்களை மீட்பது பெரும்பாடு.

இப்படிக்கு,
திட்டமிடல் துறை வாசகர்கள்