ஆறாம் நம்பர் பள்ளிக்கூடம்

யாங்கோன் (நம் ரங்கூன்)
15 ஜூன் 2025

அன்புள்ள சுப்பு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதமும் நன்னாரி வேர்ப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. போனில் பேசலாமே என்று உன் மகன் கேட்டானாம். பேசலாம்தான். ஆனால் நீ கத்துகிறாய், எனக்குக் காது கேட்கவில்லை, நடுவில் இங்கே கரண்டு போய்விடுகிறது. எழுபத்தாறு வயதில் நமக்குக் கடிதம்தான் சரி.

மார்ச் 28 பூகம்பம் பற்றிக் கேட்டிருந்தாய். மாண்டலே, சகாயிங் பக்கம்தான் பெரிய அழிவு. இங்கே நாற்காலி ஆடியது, விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது, அவ்வளவுதான். நான் முதலில் தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன். மருமகள் கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டுபோனபோதுதான் புரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பேத்தி பள்ளியில் ஏதோ கட்டுரை எழுதவேண்டும், தாத்தா படித்த பள்ளியின் வரலாறு வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரு வரி வேறு எழுதியிருந்தாய்: "நம்ம செயின்ட் பால்ஸ் 65-லேயே செத்துப்போச்சுடா, இப்போ நிக்கறது வெறும் கட்டடம்." மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், அடுத்த இரண்டு தடவையும் கோபம் வந்தது. பேத்திக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னோடு சண்டை அப்புறம்.

பள்ளி தொடங்கியது 1860-ல். ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தது 1852-ல் என்று சரித்திர வகுப்பில் படித்தோமே, அதிலிருந்து எட்டே வருஷம். அப்போது ரங்கூன் என்பது ஆற்றோரச் சேற்றை மண்கொட்டி மேடாக்கி, நூல் பிடித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தெருப் போட்டுக்கொண்டிருந்த ஊர். அந்த ஊருக்கு லசால் சபைப் பிரதர்மார் வந்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1852-லேயே பள்ளி திறந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்த நாளில் இங்கே கத்தோலிக்க ஆயராக இருந்தவர் பிகாண்டே என்ற பிரெஞ்சுக்காரர். பர்மிய மொழி படித்து, புத்தருடைய வாழ்க்கையைப் பர்மிய மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய பாதிரியார். உன் பேத்திக்கு இதைக் கட்டாயம் சொல். புத்தரைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆயர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்.

பிரதர்மார் சாமியார்கள், ஆனால் பூசை வைக்கிற குருக்கள் இல்லை. இதை உனக்கு நான் அந்தக் காலத்தில் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! "அங்கி போட்டிருக்கார், பூசை வைக்க மாட்டாரா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். பாடம் சொல்லிக்கொடுப்பதே அவர்களுடைய துறவு. சபையை உண்டாக்கிய லசால் 1680-களில் பிரான்சில் ஏழைப் பையன்களுக்கு இலவசப் பள்ளி நடத்தியவர். லத்தீனில் தொடங்காமல் வீட்டில் பேசுகிற பிரெஞ்சிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த இரண்டு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

இடம் உனக்கு நினைவிருக்கும். தெய்ன்பியூ ரோடு. பக்கத்தில் மாதா பேராலயம். தெற்கே நடந்தால் செக்ரடேரியட். செக்ரடேரியட்டின் இரண்டு சிறகுகளும் கட்டி முடிந்தது 1905-ல்தான், பேராலய வேலை ஆரம்பித்ததே 1890-களில்தான். இரண்டையும் விட நம் பள்ளி மூத்தது. பேராலயத்துக்குப் படம் வரைந்தவர் ஹாலந்து நாட்டு யோஸ் கைப்பர்ஸ். அடியில் சதுப்பு நிலம் என்பதால் அஸ்திவாரமே பெரும்பாடாக இருந்ததாம். ஆக, பாடம் முதலில் வந்தது, கோபுரம் பிறகு வந்தது. நம் பிரதர்மாருக்கு இதில் ஒரு சின்னக் கர்வம் இருந்திருக்கும் என்பது என் சொந்த ஊகம், கட்டுரையில் சேர்க்கவேண்டாம்.

ஊர் வளர வளரப் பள்ளியும் வளர்ந்தது. அரிசி ஏற்றுமதி, தேக்கு, துறைமுகம், ரயில் ஆபீஸ் என்று குமாஸ்தாவும் அதிகாரியும் தேவைப்பட்ட காலம். இங்கிலீஷ் தெரிந்த பையனுக்கு வேலை காத்திருந்தது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர். அதனால்தான் நம் காலத்தில்கூட ஒரே பெஞ்சில் பர்மியன், சீனன், ஆங்கிலோ இந்தியன், சூரத்தி, நாம் இரண்டு தமிழர் என்று உட்கார்ந்திருந்தோம். காலையில் எல்லோருமாக எழுந்து நின்று, "நாம் கடவுளின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வோம்" என்று இங்கிலீஷில் சொல்வோமே, அதில் உன் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். நெற்றியில் விபூதி, வாயில் லசால் ஜெபம். என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பேராலயத்துக்கு அந்தப் பக்கத் தெருவை நாம் ஸ்பார்க்ஸ் தெரு என்றுதான் சொல்வோம், பெரியவர்கள் அப்படிச் சொன்னதால். அதன் பெயர் போ அவுங் ஜோ தெரு. 1938 டிசம்பரில் செக்ரடேரியட் முன்னால் மறியல் செய்தபோது போலீஸ் அடித்து இறந்துபோன கல்லூரி மாணவன் அவன். எட்டரை வருஷம் கழித்து, 1947 ஜூலை 19 அன்று, அதே செக்ரடேரியட்டுக்குள் வைத்து சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானையும் கூட இருந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். நாம் பிறந்ததே அதற்குப் பிறகுதான். இவ்வளவும் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் இங்கிலாந்து ராஜாக்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம், சுப்பு.

அப்புறம் 1964. அதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே 17-ல் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். கிட்டங்கிக்கு வேலையில்லாமல் போனதும் கணக்கப்பிள்ளையான உன் அப்பாவுக்கும் வேலையில்லை. நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினீர்கள். ஜெட்டியில் உங்களை வழியனுப்ப வந்தேன். நகை கொண்டுபோகக்கூடாது என்பதால் உன் அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று என் அப்பா என் தலையை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நீ உன் ஜியாமெட்ரி பெட்டியை என் கையில் கொடுத்து, "அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கறேன்" என்றாய். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. காம்பஸ் மட்டும் துருப்பிடித்துவிட்டது.

நீ போன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. 1965 ஏப்ரல் 1 அன்று பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது. ஏப்ரல் முட்டாள் தினம் என்று சொல்லிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஒரே நாளில் பல மிஷன் பள்ளிகள் கைமாறின. செயின்ட் பால்ஸ் போத்தத்தவுங் ஆறாம் நம்பர் உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. மெதடிஸ்ட் பள்ளி டகோன் ஒன்றாம் நம்பர். புனிதர் பெயர் போய் நம்பர் வந்தது. அடுத்த வருஷம், 1966-ல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. பர்மியப் பிரதர்மார் இருந்தார்கள். அவர்கள் சபை இன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. நான் அந்த மாற்றத்தின் நடுவில் மாட்டிய வகுப்பு. "பிரதர்" என்று கூப்பிட்ட வாய், வாத்தியாரைப் பர்மிய மொழியில் "சயா" என்று கூப்பிடப் பழகியது. எல்லாம் பர்மிய மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. இங்கிலீஷை ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குவது என்று வைத்தார்கள். அந்தத் தவறை அவர்களே உணர்ந்து மறுபடி சின்ன வகுப்பிலிருந்து கொண்டுவர 1980-கள் ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. அந்தத் தலைமுறையில் என் தம்பியும் ஒருவன்.

எனவே நீ சொல்வதில் பாதி உண்மை. நான் மறுக்கவில்லை. பல வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் பழைய பையன்கள் நாலு பேர் கூடினால் இதே ஒப்பாரிதான். அந்த நாலு பேரில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

மனசு மாறியது போன வாரம். ஜூன் மாதம் பள்ளி திறந்தது, என் பேரனைக் கொண்டுபோய் விட்டேன். ஆமாம், ஆறாம் நம்பரில்தான் படிக்கிறான். உனக்கு இதை முன்பே சொல்லாததற்குக் காரணம், நீ இப்படி எழுதுவாய் என்று தெரியும். வாசலில் காவல்காரர் பெற்றோரை உள்ளே விடவில்லை. வெளியே நின்றே பார்த்தேன். அதே செங்கல், அதே நீள வராந்தா. பட்டணத்தின் பழைய கட்டடப் பட்டியலில் சேர்த்திருப்பதால் நினைத்தபடி இடித்துவிட முடியாது. வெள்ளைச் சட்டை, பச்சை லோன்ஜி, முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பையன்கள் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். என் பேரன் கூடப் போனவன் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற தமிழரின் பேரன். தோளில் கை போட்டுக்கொண்டு போனான்கள்.

அந்தப் பால்காரரும் நம் வயசுதான், சுப்பு. அவர் செயின்ட் பால்ஸ் பக்கமே வந்ததில்லை. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லைன் வீட்டில் நாங்கள் இருபது தமிழ்ப் பிள்ளைகள், அதில் நம் பள்ளிக்கு வந்தவன் நான் ஒருவன். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்ததால் எனக்குப் பள்ளிக்குக் கட்டுகிற சம்பளத்தில் சலுகை கிடைத்தது. மற்ற பத்தொன்பது பேர்? நாம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ஏழைப் பையன்களுக்கு என்று லசால் தொடங்கிய வேலை, காசு இருக்கிற ஊரில் காசு இருக்கிறவனுக்கு ஆகிவிட்டது. பிரதர்மாரைக் குறை சொல்லவில்லை. பள்ளி ஓடப் பணம் வேண்டும். ஆனால் அந்தக் கதவு 65-ல் செத்த கதவு அல்ல. பால்காரர் வீட்டுக்கு அன்றுதான் திறந்தது. உள்ளே இருந்த பாடம் இளைத்துப்போனது, அதுவும் நிஜம். டியூஷன் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தேறுவதில்லை, அதற்குக் கொடுக்கிற பணம் பழைய பள்ளிச் சம்பளத்தைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. உள்ளே நல்ல பாடமும் வெளியே திறந்த கதவும் ஒரே சமயத்தில் அந்தக் கட்டடத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை. அதற்காக அங்கே படிக்கிறவனைப் பார்த்து உன் பள்ளி வெறும் கட்டடம் என்று எப்படிச் சொல்வேன்? நீ சொல், அவன் முகத்தைப் பார்த்து.

திருச்சபை பள்ளிகளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தருவார்களா என்றும் கேட்டிருந்தாய். இப்போது நாடு இருக்கிற இருப்பில் அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவது உசிதமில்லை. தந்தால் சந்தோஷம். ஆனால் பால்காரர் பேரன் வெளியே போகிற மாதிரி தந்தால் எனக்கு வேண்டாம். இதைப் பங்கில் சொன்னேன், என்னைக் கம்யூனிஸ்ட் என்று சிரிக்கிறார்கள்.

போப் பிரான்சிஸ் 2017-ல் வந்தபோது பேராலயத்தில் இளைஞர்களுக்குப் பூசை வைத்தார். நான் வெளியே கூட்டத்தில் நின்றேன். போரில் குண்டு விழுந்து பேராலயத்தின் வண்ணக் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது என்று அப்பா சொல்வார். அன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நீ வந்திருந்தால், மீன்குழம்பு நூடுல்ஸுக்கு ஆசைப்பட்டு, "பூசை முடிஞ்சா மொய்ங்கா வாங்கித் தர்றியா?" என்று கேட்டிருப்பாய்.

மொய்ங்கா என்றதும் ஞாபகம். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கிற அத்தோ நூடுல்ஸில் இப்போது என்னென்னவோ போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. ரங்கூனில் யாரிடமும் சொல்லிவிடாதே, அடிக்க வருவார்கள்.

இன்னொரு உதவி. பேரனுக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வரவில்லை. கோயிலில் லீவு நாளில் வகுப்பு வைக்கிறார்கள், போகிறான், ஆனால் புத்தகம் பழைய ஜெராக்ஸ். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலும், ஒரு வாய்ப்பாடும் வாங்கி வை. இரண்டு படியாக வாங்கு, பால்காரர் பேரனுக்கும் ஒன்று. செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இங்கிருந்து சிலர் வருவார்கள், அவர்களிடம் கொடுத்துவிடு. ஜியாமெட்ரி பெட்டியை அவர்களிடமே உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. பேரன் கேட்கிறான், புது காம்பஸ் போட்டுக் கொடுத்துவிடட்டுமா? நீ சரி என்றால்தான்.

இப்படிக்கு
உன் ஆரோக்கியம்