மானில் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் கிட்ட உள்ள எங்கள் ஒழுங்கையில், என் படலைக்கு எதிரே ஒரு சரக்கொன்றை நிற்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நானே நட்டது. அது ஆடி மாதத்திலிருந்து வெளிறிக்கொண்டு வந்தது. பூக்க முன்னர் கொன்றை இலை கொட்டுவது வழக்கம்தான், ஆனால் இது அந்தக் காலம் இல்லை. பார்த்தவர்கள் கறையான் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானோ, சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணல்தானே, இரும்புச் சத்துக் குறையாகத்தான் இருக்கும் என்று சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே தீர்மானித்து மருந்து கரைத்து ஊற்றினேன்.

இரும்பு குறைந்தால் முதலில் மஞ்சளாவது இளம் இலை. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். தழைச்சத்துக் குறை முதிர்ந்த இலையில் தொடங்கும். உப்புக் காற்று இலையின் ஓரத்தைக் கருக்கும், அதுவும் கடல் பார்த்த பக்கத்தில்தான் கூட. என் கொன்றையிலோ கீழிலை மேலிலை எல்லாம் ஒரே சீராக வெளிறிச் சிறுத்திருந்தன. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் சொந்த வாசலில் கோட்டை விட்டேன்.

என் கண்ணைத் திறந்தது கனடாவில் நிற்கும் ஒரு மேப்பிள். ஸ்காபரோவில் இருக்கும் மகள், முற்றத்து மேப்பிளில் ஒரு கொப்பு ஓகஸ்ட் மாதமே சிவந்துவிட்டது, வடிவாக இருக்கிறது என்று படம் அனுப்பினாள். மற்றக் கொப்புகள்? எல்லாம் பச்சை. எனக்கு அது வடிவாகப் படவில்லை. நேரம் வர முன்னர் ஒரு கொப்பு மட்டும் சிவந்தால் அதற்குக் கீழே எங்கேயோ கோளாறு. "போனை அடிமரத்துக்குக் கொண்டுபோ பிள்ளை" என்றேன். தென்மேற்குப் பக்கம் பட்டை ஒரு முழ நீளத்துக்கு வெடித்து, விளிம்பு சுருண்டு கிடந்தது. அங்கத்தைக் குளிர்காலத்தில் பகல் வெயில் அந்தப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்கும், பொழுது பட்டதும் அது உறைந்து சாகும். மெல்லிய பட்டையுள்ள இளம் மேப்பிளுக்கு இது அங்கே அடிக்கடி வருவதுதான். குளிர் தொடங்க முன்னர் தண்டுக்கு வெள்ளை நிறச் சுற்று கட்டி, வசந்தத்தில் மறக்காமல் அவிழ்க்கச் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் கொன்றையின் அடியை நான் குனிந்தே பார்க்கவில்லை! டோர்ச் எடுத்துக்கொண்டு போனேன். புல்லை விலக்கினால், கணுக்கால் உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு வளையம். நூல் பிடித்து அளந்தேன். சுற்றளவு 42 சென்ரிமீற்றர், அதில் 31க்குப் பட்டையே இல்லை. மிச்சப் பட்டையை நகத்தால் சுரண்டினேன், உள்ளே பச்சை இருந்தது.

இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்ணீர் ஏறுவது உள்ளே உள்ள கட்டை வழியாக. ஆகையால் பட்டை போன மரம் அன்றே வாடாது. வேர் பட்டினி கிடந்து, மாதக்கணக்கில் கழித்துத்தான் இலை காட்டிக்கொடுக்கும். அதற்குள் காயத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் உடனே கோட்டைப் பக்கத்து மான்களில் பழியைப் போட்டார். ஆண் மான் கொம்பு தேய்த்தால் காயம் இடுப்பு உயரத்தில், நெடுக்காக, நார் நாராகத் தொங்கும். ஆடு கடித்தால் பல் தடம் இருக்கும். இதுவோ கத்தி கீறியது போலக் குறுக்கு வெட்டு, ஒன்றின் மேல் ஒன்று. புல்லு வெட்டும் மெசினின் நைலோன் நூல் செய்த வேலை. ஒழுங்கையில் எட்டு மரங்களைப் பார்த்தேன், ஐந்தில் அதே வளையம்.

இன்னொன்று. காயத்துக்குத் தார் பூச வேண்டாம். நானும் ஒரு காலத்தில் பூசச் சொன்னவன்தான். அமெரிக்க வனச் சேவையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று. தார் அழுகலைத் தடுப்பதில்லை. தொங்கும் பட்டையை மட்டும் கூரான கத்தியால் சீவி, காற்றாட விட்டால் போதும்.

வாடை மழை தொடங்கினால் புல் எழும்பும், பின்னாலேயே மெசினும் வரும். தெருவோரம் புல் வெட்ட ஆள் அனுப்புபவர்கள், மரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மெசின் போகக்கூடாது என்று அவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த இடத்துப் புல்லை நாங்களே கையால் பிடுங்கிவிடுவோம். நான் என் கொன்றையைச் சுற்றித் தண்டில் படாமல் பொச்சுமட்டை அடுக்கியிருக்கிறேன். வளையத்துக்குக் கீழே இரண்டு துளிர் வந்திருக்கிறது. மேலே இன்னும் வெளிறல்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
திருகோணமலை.