அட்வான்ஸ் கொடுத்துவிடாதே, குமாரு

ஓமலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமாரு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுத உட்கார்ந்தால் எங்கள் லோடர் ஓட்டுகிற முருகேசனைப் பற்றி எழுத வேண்டியிருக்கும், அதற்கு மனசு வரவில்லை. இங்கே மற்றவர்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பழனி நேற்று வந்திருந்தான்.

அவன்தான் சொன்னான், கல் உடைக்கிற கிரஷரில் ஓடின ஓர் அஞ்சு டன் லோடரை, அதாவது முன் பக்கெட்டில் ஒரு வாரில் அஞ்சு டன் வரை தூக்குகிற வண்டியை, நீ உன் ஜவ்வரிசி சேகோ பாக்டரிக்கு விலை பேசியிருக்கிறாயாம். இதைப் படித்து முடிக்கும் வரையாவது அட்வான்ஸ் கொடுக்காதே.

எங்கள் மூணு டன் லோடரின் பக்கெட் 1.7 கன மீட்டர். ஜல்லி கன மீட்டருக்கு ஒன்றரை டன் வரும். வாரினால் இரண்டரை டன் சொச்சம், வண்டிக்கு அளவான பாரம். போன வருஷம் நான்தான் பட்டறைக்கு அனுப்பி, பக்கெட்டின் முதுகிலும் பக்கவாட்டிலும் முக்கால் அடி இரும்புப் பட்டை வைத்து உயர்த்தி வெல்டிங் அடிக்கச் சொன்னேன். டிப்பருக்கு ஒரு வாரல் மிச்சமாகுமே என்று ஆசை. ஐப்பசி மழை பெய்தது. கல்லை அரைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் நனைந்தால் கன மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன்னைத் தாண்டும். அன்று அந்தப் பக்கெட்டில் நாலு டன்னுக்குப் பக்கமாக இருந்திருக்க வேண்டும்.

முருகேசன் குவியலிலிருந்து பின்வாங்கி, பக்கெட்டைத் தூக்கியபடியே டிப்பர் பக்கம் ஒடித்தான். பின் சக்கரம் ஒன்று சரிந்து கிடந்த மணல்மேல் ஏறியது. நான் எடைமேடைப் பக்கம் நின்றிருந்தேன். இன்னொரு பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சக்கரம் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் வண்டி சாய்ந்தது. பெல்ட் போட்டிருந்ததால் கேபினுக்குள்ளேயே கிடந்தான், பிழைத்தான். தோள் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னிடம் "நான்தான் வேகமா ஒடிச்சுட்டேங்கண்ணா" என்றான். இல்லை குமாரு. பட்டை வைத்தது நான். மறுநாளே அதை கேஸ் கட்டிங்கில் அறுத்து எறிந்துவிட்டேன்.

லோடர் இடுப்பில் ஒடிந்து திரும்புகிற வண்டி. நேராக நிற்கும்போது பின்னெடை முன்பாரத்துக்கு நேரெதிரே இருக்கும். ஒடித்தால் அது பக்கவாட்டில் போய்விடும், தாங்குகிற பாரமும் குறைந்துவிடும். அதனால்தான், முழுக்க ஒடித்து நிற்கும்போது எத்தனை டன்னில் பின்பக்கம் தூக்கும் என்று பார்த்து, அதில் பாதியை மட்டும் வேலைப் பாரமாகக் குறிக்கிறார்கள். மற்ற பாதி மேடுபள்ளத்துக்கும் திடீர் பிரேக்குக்கும் விட்டுவைத்தது. அதை நான் மணலுக்குக் கொடுத்தேன்.

சரி, இப்போது உன் கதை. அஞ்சு டன் லோடர் நல்ல வண்டிதான். ஒரு யூனிட் ஜல்லியை, அதாவது நூறு கன அடியை, ஏறக்குறைய ஒரே வாரில் அள்ளிவிடும். குவியலிலிருந்து டிப்பருக்கு, டிப்பரிலிருந்து கல் கொட்டுகிற ஹாப்பருக்கு என்று நாள் முழுக்க ஓடுகிற இடத்தில் அதுதான் ராஜா. ஆனால் நீ அள்ளப் போவது மரவள்ளிக் குச்சிக்கிழங்கும், அதில் மாவு எடுத்து மிஞ்சின திப்பியும்! அதே பக்கெட்டில் கிழங்கு ஜல்லியின் பாதி எடைகூட வராது. பதினாறு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நீ சரக்கைக் காயப்போடுகிற களத்து ஓரமாக உருட்டினால் சிமெண்டுத் தளம் என்ன கதியாகும்? ஷெட் உத்தரம் எவ்வளவு உயரம் என்றாவது அளந்தாயா? கிரஷர் பக்கெட்டுக்குப் பல் இருக்கும், அது கிழங்கைக் குத்திக் கீறும். அடிபட்ட கிழங்கு எத்தனை சீக்கிரம் கருத்துப்போகும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு வேண்டியது சின்ன லோடர், பல் இல்லாத நேர்விளிம்பு, லேசான சரக்குக்கென்று செய்த அகலமான பக்கெட். நீ மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிற ஜேசிபியின் பின் கை உன் பாக்டரியில் எதைத் தோண்டுகிறது? அதையும் சுமந்துகொண்டு டீசல் குடிக்கிறது, அவ்வளவுதான். கல்மேல் ஓடுவதற்கென்று இருக்கிற தனி டயரும் உனக்கு வேண்டாம், அந்தக் காசு மிச்சம். காய்ந்த திப்பித் தூசி ரேடியேட்டரை அடைக்கும், அதனால் ஊதிச் சுத்தம் செய்ய வசதியாகத் திறக்கிறதா என்று பார். திப்பி ஏற்றும் லாரியின் பக்கப்பலகை உயரத்தை டேப் வைத்து அள. பக்கெட்டைக் கவிழ்த்த நிலையில் அதன் உதடு அந்தப் பலகைக்கு மேலே நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று: அந்த அகலப் பக்கெட்டால் எந்த நாளும் மணல் வாராதே. பக்கத்துக்காரன் கேட்டாலும் கொடுக்காதே.

பழைய வண்டிதான் வாங்குவாய் என்று தெரியும். ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வது தெரியாமல் இருக்க, விற்கிறவன் விடிவதற்குள் சூடுபடுத்தி வைத்திருப்பான். சொல்லாமல் போய் முதலில் என்ஜினில் கை வை. வண்டி ஒடிகிற இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க, இன்னொருவர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தை லேசாகத் தூக்கி இறக்கட்டும். கிரீசுக்குள் இரும்பு குலுங்கினால் மூட்டுக்குள் இருக்கிற புஷ் தேய்ந்து போய்விட்டது. பாரத்தோடு பக்கெட்டைப் பாதி உயரத்தில் நிறுத்தி, கீழே யாரையும் விடாமல், ஐந்து நிமிஷம் பார். சரசரவென்று இறங்கினால் விட்டுவிடு. மீட்டரில் காட்டுகிற மணிக்கணக்கை நம்பாதே, பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்.

வருகிற ஞாயிறு ஆத்தூருக்கு வருகிறேன். முருகேசனும் வருகிறேன் என்கிறான். கை இன்னும் கட்டில்தான் இருக்கிறது, ஓட்ட முடியாது. ஆனால் கியர் போடுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதுவரை அட்வான்ஸ் பணத்தைத் தங்கச்சியிடம் கொடுத்து வை. உன் சட்டைப்பையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஏற்காட்டுப் பத்தாவது வளைவிலேயே பார்த்தாயிற்று.

அன்புடன்,
சேகர்