பெட்டிசம் எழுதியவனிடமிருந்து மகளுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்த பிறகு அம்மா இரவு முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு உன் அழுகையைவிட அந்தக் கணக்குத்தான் நெஞ்சில் நின்றது. இணையத்தில் எழுத்து வேலை தருகிறேன் என்றவனுக்கு மாதிரிக்கு என்று நீ எழுதிக் கொடுத்தது மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் 1500 சொல். வாங்கிக்கொண்ட ஆளிடமிருந்து பிறகு பேச்சு மூச்சே இல்லை. பக்கத்துக்கு இருநூறு சொல் என்று வைத்தாலும் அது இருபத்திரண்டரைப் பக்கப் பெட்டிசம், பிள்ளை. மாவட்ட அலுவலகமான கச்சேரியின் வாசலில், போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தாலும், இருபது வருடத்துக்கு மேல் ஊராருக்கு மனு எழுதியிருக்கிறேன். சும்மா எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் யாருக்குச் சும்மா என்பதை நான்தான் தீர்மானித்தேன்.

இணையத்தைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் மற்றவருக்காக, அவருடைய பெயரில், கூலிக்கு எழுதுவது எனக்குத் தெரியும். நீ கொழும்பில் மேசையில் இருந்து செய்வதை நான் வேப்பமரத்தடியில் செய்தேன்.

வருகிறவர் முதலில் கதையைத்தான் தொடங்குவார். கேட்கக் கேட்க மனம் இளகும். பிறகு கூலி பேச வாய் வராது. அதனால் கதை கால்வாசி போனதும், பேனை மூடியைத் திறக்காமலே, 'இவ்வளவு ஆகும், பாதி இப்போது' என்று சொல்லிவிடுவேன். நீ வேலை எடுக்கும் ஃபைவர் என்ற இணையத் தளத்தில் எழுத்தை வாங்குபவர் பணத்தை முதலே கட்டிவிட வேண்டும், வேலை முடியும்வரை தளம் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்று எனக்குச் சொன்னதே நீதான். அந்தக் காவலுக்குத்தானே நூற்றுக்கு 20 கொடுக்கிறாய்? பிறகேன் வட்ஸ்அப்புக்கு வா என்று கூப்பிட்டவனின் பின்னால் போனாய்? நாளைக்கு ஒருவன் வேலை தருகிறேன், பதிவுக்கு முதலில் கொஞ்சம் காசு கட்டு என்பான். எழுதுகிறவள் காசு கட்டி எழுதுவது எந்த ஊர் வழக்கம்?

விலையைக் கையில் வர வேண்டிய தொகையிலிருந்து மேலே ஏற்று. கையில் 100 டொலர் வேண்டுமென்றால் 120 என்று போடாதே, 24 கழிந்துவிடும். 125 போட வேண்டும். வங்கிக்கு மாற்றும்போது கழிவது வேறு.

மாதிரி கேட்பது பிழையில்லை. அவனுக்கென்று புதிதாக எழுதிக் கொடுப்பதுதான் பிழை. நீயே மூன்று மாதிரி எழுதி வைத்திரு: ஒரு விற்பனைக் கடிதம், ஒரு பொருள் விவரம், ஒரு நீண்ட கட்டுரை. கேட்டவனுக்கெல்லாம் அதையே நீட்டு. அதைப் பார்த்தும் இன்னொன்று வேண்டும் என்றால், அதற்கு விலை உண்டு.

திருத்தம் இரண்டு தடவை என்று தொடக்கத்திலேயே எழுதி அனுப்பிவிடு. ஒட்டுசுட்டானிலிருந்து காணிப் பிரச்சினையோடு ஒருவர் வந்தார். எழுதி முடித்தேன். கிராம அலுவலரான விதானையார் இப்படிச் சொன்னார் என்று மறுநாள் வந்தார். மச்சான் அப்படிச் சொன்னார் என்று அடுத்த நாள். ஐந்தாம் முறை வந்தபோது, 'மச்சானையும் விதானையாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்' என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, முடிவு சொல்லப்போகிறவர் யார் என்று எழுதுவதற்கு முன்னமே கேட்டுவிடுவேன். நீயும் கேள்.

இனிச் சொல்லப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2014 தை மாதம் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. அதற்கு முதல் வாரம் என் மேசைக்கு முன்னால் வரிசை. விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தாய் வந்தார். நான் வழக்கம்போல 'மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு, மிகவும் தாழ்மையுடன்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். அந்த நடையில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் என் பிள்ளை எங்கே ஐயா?" என்றார்.

தாளைக் கிழித்தேன். கடைசியாகப் பார்த்தபோது என்ன உடுத்திருந்தான் என்று கேட்டேன். நீலச் சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை, அவர் தைத்தது. போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர்ப் போத்தலை அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான். அதைத்தான் எழுதினேன், அரைப் பக்கத்தில். கூலி வாங்கவில்லை. அவருடைய மகன் இன்றுவரை வரவில்லை. கடிதம் நன்றாக வந்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் 'மேன்மை தங்கிய' எழுதியதில்லை.

அந்தத் தாயின் கண்ணீரையும் செருப்பு விளம்பரத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எண்ணாதே. நான் சொல்வது கேட்கும் முறையை. செருப்பு விற்பவனிடம் 'தரம், நம்பிக்கை, புதுமை' என்று வாங்கி எழுதாதே. யார் வாங்குகிறார்கள், எதற்காகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், வாசித்து முடித்தவர் அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்று கேள். வாங்கியவர்கள் தங்கள் வாயால் சொன்ன வார்த்தைகள் இருந்தால் கேட்டு வாங்கு. இப்போது இயந்திரமே எழுதித் தருகிறது, உனக்கு வேலை குறைகிறது என்றாய். 'மேன்மை தங்கிய' எழுதுவதில் அது என்னைவிடக் கெட்டிக்காரனாக இருக்கும். அந்த வெள்ளைப் பொத்தானை யாராவது கேட்டால்தான் வரும். இயந்திரத்தைக்கொண்டு எழுதினால் அப்படித்தான் எழுதினேன் என்று வாங்குபவனிடம் சொல்லிவிடு. பிறகு அவனே கண்டுபிடித்தால் நீ கையால் எழுதியதையும் நம்பமாட்டான்.

இன்னொன்று, உன் தூக்கம். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. இரவு முழுவதும் அவர்களோடு, பகல் முழுவதும் உள்ளூர் வேலையோடு என்று எத்தனை நாள் இருப்பாய்? இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். ஆசைக்கு விதைத்தவனின் பயிர் வாடி நின்றதை நீயும் பார்த்திருக்கிறாய். வாரத்தில் உனக்கு எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வேலைக்கு ஒப்புக்கொள்.

வரி விசயத்தையும் விட்டுவிடாதே. 2025 ஏப்ரலில் இருந்து, வெளிநாட்டுக்கு வேலை செய்து இங்கே வங்கிக்கு எடுக்கும் பணத்துக்கும் வரி உண்டு, கூடினால் நூற்றுக்கு 15. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு இருப்பதால் இப்போதைக்கு உனக்கு வராது. ஆனாலும் வந்ததையும் போனதையும் ஒரு கொப்பியில் எழுதி வை. அனுப்பிய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி உன்னிடம் இருக்கட்டும். நான் கார்பன் தாள் வைக்காமல் ஒன்றும் எழுதியதில்லை, இதற்கும் வைத்திருக்கிறேன்.

அம்மா புழுக்கொடியலும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் இரவு பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறாள். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்குவார்கள். பார்சல் கூலி இங்கேயே கொடுத்தாயிற்று, கேட்டால் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா